வாசகர் கேள்வி: கிரீன் டீயும் இரும்புச்சத்து மாத்திரையும்

கே: எனக்கு 46 வயது. ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். உடல் எடையும் கூடிவிட்டதால் காலைக் காபியை விட்டுவிட்டு, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் கிரீன் டீ குடிக்கிறேன். கிரீன் டீ மாத்திரை எடுத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் மெலியலாம் என்கிறார் என் நாத்தனார். எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

ப: நாத்தனார் சொல்லும் மாத்திரையை வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரீன் டீயின் நன்மைகளுக்குக் காரணம் கேட்டகின் எனப்படும் பொருள்கள். அவற்றில் முக்கியமானது இ.ஜி.சி.ஜி. இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும்போது சிறிதளவாக உடலில் சேரும் இதனை, மாத்திரை ஒரே மூச்சில் செறிவாகக் கொண்டு சேர்க்கிறது. மாத்திரைகள் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. எடுத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்ந்திருந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ஆபத்து கூடுகிறது. மெலிவதற்காகச் சாப்பிட்டு மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் பல உள்ளன.

எடையைப் பொறுத்தவரை, கிரீன் டீ தயாரிப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு, குறையும் எடை மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று 2012-இல் கூறியது. உங்களுக்கு ஏதேனும் எடை குறைந்திருந்தால், அது பெரும்பாலும் காபியோடு விடைபெற்ற பாலும் சர்க்கரையும் செய்த வேலையாகவே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது எடையல்ல, குடிக்கும் நேரம். கீரை, பயறு, கேழ்வரகு முதலிய தாவர உணவில் உள்ள இரும்பைத் தேயிலையின் பாலிஃபீனால்கள் பிடித்து வைத்துக்கொள்வதால், உணவோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும்போது உடல் ஏற்கும் இரும்பின் அளவு பாதிக்குக் கீழே கூடப் போகலாம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு இந்தத் தடையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை; ஆகவே நாகப்பட்டினக் கரையில் அன்றாடம் மீன் உண்பவரைவிட, சோறும் சாம்பாரும் கீரையுமாகச் சைவமாய் உண்ணும் ஒருவரே இதில் கவனமாக இருக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது. (காபிப் பிரியர்கள் மகிழ வேண்டாம்: டிகிரி காபியும் இதே தடையைச் செய்யும்.)

எனவே சாப்பாட்டுக்கும் கிரீன் டீக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் கிரீன் டீக்கும் இடையே இரண்டு மணி நேரமும் விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். வைட்டமின் சி இரும்பு உடலில் சேரத் துணைபுரியும். நாளுக்கு இரண்டு கோப்பை உங்களுக்குப் போதும்.

கே: கிரீன் டீ கசக்கிறது. தேன் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

ப: கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் கொதிக்கும் நீர்தான். கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 டிகிரியில் இலையைப் போட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் வடித்துவிட்டால் தேனுக்குத் தேவை இருக்காது. சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரையே.

கே: இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கிரீன் டீ இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: ஜப்பானின் ஒசாக்கிப் பகுதியில் சுமார் 40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே இதய, ரத்தநாள நோய்களால் ஏற்படும் மரணம் குறைவாக இருந்தது, புற்றுநோய் மரணத்தில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அவர்களின் உணவும் வாழ்க்கைமுறையும் வேறு என்பதால், முழுப் பெருமையையும் தேநீருக்கே கொடுத்துவிட முடியாது. மேலும், அந்த அளவு உங்களுக்குப் பொருந்தாது. மிக அதிகமாகக் கிரீன் டீ குடித்தவர்களுக்கு வார்ஃபரினின் வேகம் குறைந்ததாகப் பதிவாகியுள்ளது. வால்வில் ரத்தம் உறைவதற்கு அது வழிவிடும். ஒரு கோப்பை போதும், அதையும் நாள்தோறும் ஒரே அளவாகக் குடியுங்கள்; தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடுத்த முறை சற்று முன்னதாகவே செய்துகொள்ளுங்கள்.