நட்ட பயிர் பச்சை பிடிக்கும் வரை

கேள்வி: திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், ஊருக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. "வயலைப் போய்ப் பார், அது சொல்லித்தரும்" என்கிறார் பெரியப்பா. எனக்கு வயல் வயலாகத்தான் தெரிகிறது. அதில் எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: பெரியப்பா சொன்னது சரிதான், எந்த வயலை, எந்த நாளில் பார்ப்பது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். இது புரட்டாசி மாதம். உங்கள் பக்கம் சம்பா நடவு நடக்கிறது. நட்டு மூன்று நான்கு நாளான வயலின் வரப்பில் சற்று உட்காருங்கள். நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்று, அங்கே நுனி பழுத்து, தாள் சாய்ந்து, பிழைக்குமா என்று ஐயுறும்படி நிற்கும். பறிக்கும்போது வேர்கள் அறுந்துவிடுவதால், இலைக்கு வேண்டிய நீரை உறிஞ்ச அதனால் முடிவதில்லை. ஆனால் அதே நாட்களில்தான் சேற்றுக்குள் தண்டின் அடிக்கணுவிலிருந்து புதுவேர் விடுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் பயிர் பச்சை பிடிக்கிறது. அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்துத் தூர் கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவரை விவசாயி வயலைக் காயவும் விடாமல், பயிரை மூழ்கவும் விடாமல், தண்ணீரை மெல்லிசாக நிறுத்திக் காத்திருக்கிறார். வாடி நிற்கிறதே என்று அவர் பயிரைத் திட்டுவதில்லை. நீங்களும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், நாளுக்கு ஒரு சிறு வேலை, இப்போதைக்கு இது போதும். தூக்கமே வராமல் நாட்கள் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். பயிருக்கு நோய் கண்டால் நாம் சும்மா இருப்பதில்லை அல்லவா?

நாணலைப் போல வளைந்துகொடுத்தால் எதையும் தாங்கலாம் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அந்த மரங்களிடம் குறை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. காற்று அவ்வளவு பெரிதாக இருந்தது. காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தேதான் அங்கே மறுபடியும் தென்னங்கன்று வைத்தார்கள். வேலை போனதை உங்கள் குறையாக எண்ணி மறுகுவதாக இருந்தால், அந்தத் தோப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையில் வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, நட்டுப் பத்து நாளான வயலின் ஓரத்தில் ஒரு குத்துப் பயிரை மட்டும் வேரோடு மெல்ல எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பழுப்பேறிய பழைய வேர்களுக்கு இடையே, நூல் போல வெள்ளை வெளேரென்று புதுவேர்கள் தெரியும். பார்த்தபின் அதே இடத்தில் ஊன்றிவிடுங்கள்.