வரி குறைந்தது, கோபம் கூடியது: வாசகர் கேள்வி - பதில்

ஒன்பதாம் வகுப்பில் 'புரட்சிகளின் காலம்' பாடம் நடக்கிற நேரம் போலிருக்கிறது. குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க விடுதலையைப் பற்றியே கேட்கின்றன. இந்த முறை அவற்றுக்கே இடம்.

"பிரிட்டன் அதிக வரி போட்டது, அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள்" என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். முழு மதிப்பெண் போடலாமா?
*- பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்*

பாதி போடுங்கள். 1764-ஆம் ஆண்டுச் சர்க்கரைச் சட்டம் வரியைக் குறைத்த சட்டம். பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் கரும்புப் பாகுக்கு ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் இருந்தது 3 பென்ஸ் ஆனது. அந்தப் பாகிலிருந்து ரம் வடித்துப் பிழைத்த நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) வியாபாரிகள் அதற்குத்தான் கொதித்தார்கள். காரணம், பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை. சுங்க அதிகாரியைக் 'கவனித்து'விட்டால் சரக்கு கரையேறிவிடும். புதிய 3 பென்ஸை வசூலித்தே தீருவது என்று லண்டன் இறங்கியது. பிடிபட்ட சரக்கின் வழக்கை ஜூரி (தீர்ப்புச் சொல்லும் ஊர்மக்கள் குழு) இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளூர் ஜூரி கடத்தல்காரரைத் தண்டிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சரக்கு முறைப்படி வந்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் சரக்குக்காரர் தலையிலேயே விழுந்தது.

லண்டன் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது, சுமார் 7.5 கோடி பவுண்டாக இருந்த அரசுக் கடன் 13 கோடியைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்தி வைக்கவும் திட்டம். அந்தச் செலவில் ஒரு பங்கு கேட்டது அப்படியொன்றும் அநியாயமில்லை. ஆனால் கேட்டது, காலனி (பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட அமெரிக்கக் குடியேற்றம்) மக்களின் ஓட்டில் ஒரு உறுப்பினர்கூட இல்லாத நாடாளுமன்றம். அதுவரை உள்வரி போட்டுவந்தது அவரவர் ஊர்ச் சட்டசபை. "எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் பையில் கைவைக்க நீ யார்?" என்பதுதான் சண்டை. இதை எழுதும் பிள்ளைக்கு மீதிப் பாதியையும் கொடுங்கள்.

1765 முத்திரைச் சட்டம் நம்மூர் முத்திரைத்தாள் மாதிரியா?
*- பத்திர எழுத்தர், நாகர்கோவில்*

முறை அதேதான். பிரிட்டனில் அது 1694 முதலே நடப்பில் இருந்தது. லண்டனில் அச்சு பதித்த தாள் கப்பலில் வரும். அதில் எழுதினால்தான் பத்திரம் செல்லும். ஆனால் பத்திரத்தோடு நிற்கவில்லை. செய்தித்தாளுக்கு அளவைப் பொறுத்து அரை பென்னி முதல் ஒரு பென்னி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடை ஒரு ஜோடிக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்ட், வக்கீல் உரிமத்துக்கு 10 பவுண்ட்.

பட்டியலைப் பார்த்தாலே கோளாறு தெரியும். பத்திரிகைக்காரர், வக்கீல், மதுக்கடைக்காரர் என்று ஊரில் வாய் உள்ளவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட வரி இது. சட்டம் நடப்புக்கு வரவேண்டிய நாள் நவம்பர் 1. பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்கவிருந்த ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஆகஸ்ட் 14 அன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் பதவியை உதறினார். மற்ற ஊர் விற்பனையாளர்களும் அப்படியே ஒவ்வொருவராக விலகினார்கள். தாள் வந்தது, விற்க ஆள் இல்லை. கோர்ட்டும் துறைமுகமும் கொஞ்ச நாள் முடங்கி, பிறகு முத்திரை இல்லாமலே ஓடத் தொடங்கின. பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்ற முடிவால் அடிபட்ட லண்டன் வியாபாரிகளே சட்டத்தை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 1766 மார்ச் 18-இல் எடுத்தாயிற்று.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போவது, அதே நாளில் நிறைவேறிய இன்னொரு சட்டம். காலனிகள் மீது எந்த விஷயத்திலும் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு என்று அது சொன்னது. வரியை விட்டுக்கொடுத்து உரிமையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுத் தகராறு முழுக்க அதிலிருந்துதான் முளைத்தது.

பாஸ்டன் படுகொலையில் சுட்ட சிப்பாய்களைத் தூக்கில் போட்டார்களா?
*- வாசகர், குழித்துறை*

இல்லை. 1770 மார்ச் 5-இல் பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு இறந்தவர்கள் 5 பேர். சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். எட்டு சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. கேப்டனும் தனி வழக்கில் விடுதலையானார்.

சாயா விலை குறையத்தானே செய்தது? பிறகு ஏன் கடலில் கொட்டினார்கள்? அது நம் நாட்டுத் தேயிலையா?
*- கடைக்காரர், குளச்சல்*

அத்தனையும் சீனத் தேயிலை. இந்தியாவில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

1767-இல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை மீது வரி போட்டு, எதிர்ப்பு வலுத்ததும் 1770-இல் தேயிலையைத் தவிர மற்றதை எடுத்துவிட்டார்கள். பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற அந்த ஒரு வரியை மட்டும், உரிமைக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இதற்கிடையே கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கில் தேயிலை தேங்கிக் கம்பெனியே ஆட்டம் கண்டது. 1773 தேயிலைச் சட்டம், இடைத்தரகர் இல்லாமல் தான் பொறுக்கிய சில வியாபாரிகள் வழியாக நேரடியாக விற்கக் கம்பெனிக்கு வழி செய்தது. விலை குறைந்தது உண்மை. ஆனால் மற்ற வியாபாரிகளுக்குப் பிழைப்பு போனது. டச்சுத் தேயிலை கடத்தியவர்களுக்கும்தான். (1741-இல் உங்கள் ஊர்க் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற அதே டச்சுக் கம்பெனி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த சரக்கு!) மலிவு விலையில் ஆசைப்பட்டு வாங்கினால், அந்த 3 பென்ஸ் வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது இன்னொரு பயம்.

நியூயார்க், பிலடெல்பியா போன கப்பல்கள் திரும்பிவிட்டன. சார்ல்ஸ்டனில் இறக்கிய தேயிலையைக் கிடங்கில் பூட்டினார்கள். பாஸ்டனில்தான் சிக்கல். 'டார்ட்மவுத்' கப்பல் நவம்பர் 28-இல் வந்தது. வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். வரி கட்டாமல் கப்பல் திரும்ப ஆளுநர் ஹட்சின்சன் அனுமதி தரவில்லை. கெடு முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 16, மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கொட்டினார்கள். எடை சுமார் 92,000 பவுண்டு, அதாவது 41 டன்னுக்கு மேல். வற்றம் ஆனதால் ஆழம் இல்லாமல் தேயிலை கப்பலோரம் குவிந்து நின்றது. அதைத் தள்ளிவிடவே தனி ஆள் வேண்டியிருந்தது.

குறைகள் எந்தக் கட்டத்தில் விடுதலைக் கோரிக்கையாக மாறின?
*- கல்லூரி மாணவர், தக்கலை*

பலர் நினைப்பதைவிடத் தாமதமாகத்தான். தேயிலைக்குத் தண்டனையாக 1774 ஜூன் 1-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடிய 12 காலனிகளும் (ஜார்ஜியா வரவில்லை) விடுதலை கேட்கவில்லை. வாணிபப் புறக்கணிப்பைத்தான் முடிவு செய்தன. ஆனால் அதை நடத்தும் வழியை எழுதினார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டிசம்பர் 1-க்குப் பிறகு வரும் சரக்குக்கு மூன்றே வழி: திருப்பி அனுப்பு, உன் பொறுப்பில் கிடங்கில் போடு, இல்லை ஊர்க் கமிட்டியிடம் கொடு. கமிட்டி விற்று முதலைத் திருப்பித் தரும். லாபம் பாஸ்டன் ஏழைகளுக்கு. பிப்ரவரி 1-க்குப் பிறகு வந்தால் பொதியைப் பிரிக்காமலே திரும்ப வேண்டும். குதிரைப் பந்தயம், சேவல் சண்டை கூடாது. சாவு வீட்டில் கையுறையும் துண்டும் வழங்கும் வழக்கமும் நிறுத்தம். ஒவ்வொரு ஊரிலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி இதைக் கண்காணித்து, மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போடும். பிறகு அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது.

சரக்கைச் சோதிக்கப் பிறந்த இந்தக் கமிட்டிகள், 1775-இல் ஆளுநர்களின் பிடி தளர்ந்தபோது ஆட்சியையே கையில் எடுத்தன. எங்கள் கணிப்பில், போஸ்டர் வீரத்தைவிட இந்தக் கமிட்டிகளுக்குத்தான் கூடுதல் பங்கு.

அப்போதும் ராஜா நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள் என்ற நம்பிக்கை போகவில்லை. 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதி ரத்தம் சிந்திய பிறகும், ஜூலையில் மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் வாங்கவே இல்லை. ஆகஸ்ட் 23-இல் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் வந்த தாமஸ் பெயினின் சிறுநூல் மன்னராட்சியையே போட்டு உடைத்தது. நாடாளுமன்றத்தை அவர்கள் ஏற்கெனவே மறுத்தாயிற்று. மிச்சமிருந்த கயிறு ராஜா ஒருவர்தான். அதனால்தான் விடுதலைப் பிரகடனத்தின் 27 குற்றச்சாட்டுகளும் ராஜா மேல் போய் விழுகின்றன.

வேலுத்தம்பியின் குண்டறைப் பிரகடனத்தை அதோடு ஒப்பிடலாமா?
*- வாசகர், தலக்குளம்*

குறைகளை அடுக்கி மக்களை அழைத்த விதத்தில் ஒப்பிடலாம். 1809 ஜனவரியில் உங்கள் ஊர்க்காரரான திருவிதாங்கூர்த் தளவாய் (தலைமை அமைச்சர்) வெளியிட்ட அது, கம்பெனி கையில் நாடு போனால் உப்பு அவர்கள் ஏகபோகமாகும், மண்ணுக்கும் மரத்துக்கும் வரி விழும் என்று எச்சரித்தது. 1805 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

வேறுபாடும் பெரிது. அங்கே அறிவிப்புக்கு முன்பே ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கமிட்டிகள் வேலை செய்தன. 1778-இல் பிரான்சு துணைக்கு வந்தது. வேலுத்தம்பிக்கு அவகாசமும் கிடைக்கவில்லை, வெளியுதவியும் வரவில்லை. பிப்ரவரி 10-இல் ஆரல்வாய்மொழி அரண் விழுந்ததும் வழி திறந்துவிட்டது.

ஜூலை 2, ஜூலை 4: தேர்வில் எதை எழுதுவது?
*- போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், இரணியல்*

அமெரிக்க விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2; பிரகடன வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4. நியூயார்க் ஜூலை 9-இல்தான் சேர்ந்தது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2; மொத்தம் 56 பேர். 'பிரகடனம்' என்று கேட்டால் 4 எழுதுங்கள்.