வாசகர் கேள்விகள்: சம்மதித்துத்தானே நிற்கிறார்கள்?

கேள்வி: ஆண்களுக்கான பத்திரிகைகளில் பெண்களை அரைகுறை உடையில் படம் போடுவதைச் சென்ற இதழில் கடுமையாகக் கண்டித்திருந்தீர்கள். அந்தப் பெண்கள் பணம் வாங்கிக்கொண்டு சம்மதித்துத்தானே நிற்கிறார்கள்? இதில் உங்களுக்கு என்ன வருத்தம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, அந்தச் சம்மதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்த்தீர்களா? 1949-இல் மர்லின் மன்றோ கையில் காசில்லாத இளம் நடிகை. டாம் கெல்லி என்ற புகைப்படக்காரர் காலண்டருக்காக அவரை நிர்வாணமாகப் படம் எடுத்தார். கூலி 50 டாலர். பிறகு மன்றோ பெரிய நட்சத்திரமானார். 'பிளேபாய்' என்ற அமெரிக்க ஆண்கள் பத்திரிகையைத் தொடங்கிய ஹியூ ஹெஃப்னர் அந்தப் படத்தைக் காலண்டர் நிறுவனத்திடம் 500 டாலருக்கு வாங்கி, 1953 டிசம்பரில் வந்த அதன் முதல் இதழில் போட்டார். 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. மன்றோவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த விற்பனையில் ஒரு காசும் அவருக்குப் போகவில்லை. 1992-இல் ஹெஃப்னர் மன்றோவின் கல்லறைக்கு அடுத்த இடத்தை 75,000 டாலர் கொடுத்து வாங்கினார். 2017-இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்த பிறகும் அந்தப் பெண்ணிடம் கேட்காமலேயே பக்கத்தில் இடம் பிடிக்க முடிகிறது!

பழங்கதை என்பீர்கள். 1999-இல் லண்டனில், கெயில் போர்ட்டர் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரின் நிர்வாணப் படத்தை 'எஃப்.எச்.எம்.' என்ற பிரிட்டிஷ் ஆண்கள் இதழ் விளம்பரத்துக்காக நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் 60 அடி உயரத்துக்கு ஒளி பாய்ச்சிக் காட்டியது. படம் எடுக்க அவர் ஒப்புக்கொண்டது உண்மை. அதைக் கட்டடத்தின் மேல் காட்டப்போவது அவருக்குத் தெரியாது. ஒரு முறை தலையசைத்தவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

நான் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் பக்கம் வடிவமைத்தவள். நடிகையின் படம் நடுப்பக்கத்தில் அடங்காவிட்டால் நெற்றிக்கு மேல் வெட்டிவிடச் சொல்வார்கள், சில நேரம் முகத்தையே. இடுப்பை மட்டும் வெட்டக் கூடாது. நடிகரின் படம் என்றால் முகம்தான் முதலில் வேண்டும், கால் போனாலும் பரவாயில்லை. இந்த வேறுபாட்டை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. ஆனால் மேசையில் இருந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். நான் மறுத்துச் சண்டை போட்ட நாட்களில் படம் வேறு மேசைக்குப் போகும்.

அடுத்தது, எதற்குமே சம்மதிக்காத பெண்கள். 2011-இல் சர்ரே, மிடில்செக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆண்கள் பத்திரிகைகளில் பெண்களைப் பற்றி வந்த வாக்கியங்களையும், பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள் பேட்டிகளில் சொன்ன வாக்கியங்களையும் கலந்து கொடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஆண்களாலும் பெண்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று: பத்திரிகையில் வந்தது என்று சொல்லிக் கொடுத்த வாக்கியங்களோடு ஆண்கள் கூடுதலாக ஒத்துப்போனார்கள். குற்றவாளி சொன்னால் கூசுகிற பேச்சு, வழவழப்பான தாளில் அச்சானால் சரியாகத் தோன்றுகிறது. அதைப் படித்துவிட்டு பஸ்ஸில் ஏறுகிறவன் பக்கத்தில் நிற்கிற பெண் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள், தம்பி?

கேள்வி: இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இருக்கிறது. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதற்கு எதிரான சட்டம் நம் நாட்டில் 1986-இலேயே வந்தது. பிரிட்டனில் 2013-இல் பெண்கள் அமைப்புகள் வேறு வழியைப் பிடித்தன. ஆண்களுக்கான இந்த இதழ்களை அடுக்கிவைக்கும்படி கடை ஊழியரைக் கட்டாயப்படுத்துவது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பாலியல் தொல்லையாகலாம் என்று வாதாடின. அட்டையை மறைத்து உறையில் போட்டுத் தரும்படி 'கோ-ஆப்' என்ற பிரிட்டிஷ் கடைத் தொடர் பத்திரிகைகளிடம் கேட்டது. 'நட்ஸ்' என்ற ஆண்கள் வார இதழ் மறுத்தது, அந்தக் கடைகளின் அலமாரியை விட்டுப் போனது. 2014-இல் அது மூடப்பட்டது. 'எஃப்.எச்.எம்.' அச்சும் பின்னால் நின்றது. கைபேசியில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? அதனால் அந்த மூடுவிழாக்களில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை.

கேள்வி: கல்லூரிக்குப் போகும் என் மகன் கைபேசியில் இப்படிப்பட்ட படங்களைச் சேர்த்துவைத்திருக்கிறான். கண்டிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: கைபேசியைப் பிடுங்காதீர்கள், அம்மா. அவமானப்படுத்தினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பான். மேலே நான் சொன்ன மன்றோவின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். பிறகு, அவன் வைத்திருக்கும் படத்தில் உள்ள பெண்ணின் பெயர் தெரியுமா, அதை வெளியிட்டது யார், அவளுக்குத் தெரிந்துதான் வெளியிட்டார்களா என்று கேளுங்கள். பதில் தெரியாது என்றால் அழித்துவிடச் சொல்லுங்கள். இந்தப் பேச்சின்போது உங்கள் கணவரும் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். தாய் மட்டும் பேசினால் பெண்களின் புலம்பல் என்று எழுந்து போய்விடுவான்.