36 நாள் வெட்டும் 6 நாள் வெட்டும்: சுவிஸ் வேலையின்மைக் காப்புறுதியில் மறுப்பு எழுதுவது

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சூரிச் கன்டோனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்தீர்கள். நாரி நோவு, அதோடு ஷெஃபோடு ஓயாத சண்டை. வேறு வேலை பார்க்காமலே விலகல் கடிதம் கொடுத்தீர்கள். இப்போது காசே, அதாவது வேலையின்மைக் காப்புறுதிக் காசு தரும் அலுவலகம், உங்களுக்கு வரவேண்டிய காசில் 36 நாளை வெட்டியிருக்கிறது. வேலை விண்ணப்பப் பட்டியல் பிந்தி வந்தது என்று ராஃபிலிருந்து (வேலை தேடுவோர் பதியும் அலுவலகம்) இன்னொரு 6 நாள். எதிர்த்து எழுதலாமா, எழுதினால் விசாவில் கை வைப்பார்களா என்று கேட்கிறீர்கள்.

விசாப் பயத்தை முதலில் விடுங்கள். இது உங்கள் சம்பளத்திலிருந்து 1.1 வீதமும் முதலாளியிடமிருந்து 1.1 வீதமும் கழித்துக் கட்டிய காப்புறுதி. சோசியல் காசு, அதாவது சமூக உதவிப் பணம், அல்ல. மறுப்பு எழுதுவது சட்டம் தந்த உரிமை, அதற்காக யாரும் உங்கள் வதிவிட அனுமதியைத் தொடமுடியாது. ஆனால் வெட்டைத் தாங்க முடியாமல் கெமைண்டேயில் (உள்ளூராட்சி அலுவலகத்தில்) சோசியல் எடுக்கப் போனால் அது வேறு கணக்கு. அனுமதி புதுப்பிக்கும்போது அதைப் பார்ப்பார்கள். அதனால்தான் இந்த வெட்டை எதிர்க்க வேண்டும்.

காசுக் கணக்கு எப்படி என்று பாருங்கள். காப்புறுதிக் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 4340 பிராங் என்றால் அதை 21.7ஆல் பிரிக்க வேண்டும், ஒரு நாளுக்கு 200 வரும். உங்களுக்குப் பிள்ளை இருப்பதால் 80 வீதம், அதாவது நாளொன்றுக்கு 160. 36 நாள் என்றால் 5760 பிராங், 6 நாள் என்றால் 960. வாரத்துக்கு ஐந்து நாள்தான் கணக்கு என்பதால் 36 நாள் என்பது ஏழு வாரத்துக்கு மேல் காசு வராது என்று அர்த்தம். இந்த நாட்கள் உங்களுக்குரிய மொத்த நாட்களிலிருந்தும் கழிக்கப்படும். பிறகு வரும் என்று நினைத்திருக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு கடிதம், இரண்டு வேறு அலுவலகம். தானாக வேலையை விட்டது, தன் பிழையால் வேலை போனது என்றால் வெட்டுவது காசே. விண்ணப்பம் போதாது, சந்திப்புக்கு வரவில்லை, கொடுத்த வேலையை மறுத்தார் என்றால் வெட்டுவது ராஃபைச் சேர்ந்த கன்டோன் அலுவலகம். ஆகவே இரண்டு மறுப்பு, இரண்டு உறை. ஒன்றில் இரண்டையும் எழுதிப் போட்டால் ஒன்று அலைந்து திரியும். எங்கே அனுப்புவது என்பது கடிதத்தின் கடைசியில் ரெக்ட்ஸ்மிட்டல்பெலேருங் (எப்படி எதிர்க்கலாம் என்ற அறிவுறுத்தல்) என்ற தலைப்பின் கீழ் நாலைந்து வரியில் இருக்கும். அந்த முகவரிதான் முகவரி. ராஃபில் உங்களுக்கு இருக்கும் ஆலோசகருக்கு அல்ல.

கெடு 30 நாள், கடிதம் கையில் கிடைத்த மறுநாளிலிருந்து. பதிவுத்தபால் வந்து, போஸ்டில் வந்து எடுக்கும்படி துண்டு போட்டுவிட்டுப் போனால், நீங்கள் போய் எடுக்காவிட்டாலும் ஏழாம் நாள் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எடுக்காமல் விட்டால் தப்பலாம் என்று நம்மவர்கள் சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கெடு ஓடாமல் நிற்கும் காலம் மூன்று உண்டு: ஈஸ்டருக்கு ஏழு நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்பு வரை, ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 15 வரை, டிசம்பர் 18 முதல் ஜனவரி 2 வரை. ஜூலை 3ஆம் திகதி கடிதம் கிடைத்தால் 14ஆம் திகதிவரை 11 நாள் ஓடும், பிறகு நிற்கும், ஆகஸ்ட் 16இல் 12ஆவது நாள் தொடங்கும், கடைசி நாள் செப்டம்பர் 3. அன்றைக்குப் போஸ்டில் கொடுத்தால் போதும், அவர்களுக்கு அன்றே கிடைக்க வேண்டும் என்றில்லை. பதிவுத்தபாலில் போட்டு ரசீதை வைத்திருங்கள்.

தொலைபேசியில் பேசியதோ, ஆலோசகர் "பார்க்கிறேன்" என்று சொன்னதோ கெடுவை நிறுத்தாது. சாதாரண இமெயிலும் செல்லாது, கையொப்பம் வேண்டும். சூரிச்சில் ஜெர்மனில் எழுத வேண்டும். நாள் போதவில்லை என்றால் கோரிக்கையையும் சுருக்கமான காரணத்தையும் எழுதிக் கையொப்பமிட்டு, விவரம் சேர்க்க அவகாசம் கேட்டு அனுப்பிவிடுங்கள். குறை இருந்தால் திருத்த ஒரு கெடு கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிந்திப்போன மறுப்புக்கு அந்த இரக்கம் இல்லை.

எழுதுவதற்கு முன் காசேயிடம் உங்கள் கோப்பின் பிரதியைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஏன் விலகினார் என்று முதலாளி நிரப்பி அனுப்பிய படிவம் அதற்குள் இருக்கும். பெரும்பாலும் வெட்டே அந்தப் படிவத்தின் இரண்டு வரியில்தான் நிற்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மறுப்பு எழுதினால் காற்றோடு சண்டை பிடிப்பதுதான்.

இப்போது 36 நாள். சட்டத்தில் மூன்று படி: இலேசான பிழைக்கு 1 முதல் 15 நாள், நடுத்தரத்துக்கு 16 முதல் 30, பாரதூரத்துக்கு 31 முதல் 60. வேறு வேலை உறுதியாகாமல், தகுந்த காரணமும் இல்லாமல் வேலையை விட்டால் அது பாரதூரம். ஆகவே உங்கள் மறுப்பின் முழுப் பாரமும் அந்தத் "தகுந்த காரணம்" என்ற இடத்தில்தான் விழ வேண்டும். அந்த வேலையில் தொடர்வது உங்களால் இயலாத காரியம் என்று காட்டினால் வெட்டே நீங்கும். அவ்வளவுக்குக் காட்ட முடியாவிட்டாலும் பிழை சிறியது என்று காட்டினால் 31க்குக் கீழே இறங்கும். வீட்டு வாடகை கட்டமுடியவில்லை, பிள்ளை இருக்கு, ஊருக்குக் காசு அனுப்ப வேணும் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதுவது வீண். பிழை எவ்வளவு என்றுதான் அளக்கிறார்கள், கஷ்டம் எவ்வளவு என்று அல்ல.

ஷெஃபோடு சண்டை என்பதைத் தனிக் காரணமாக வைக்காதீர்கள். வேலையிடத்தில் முறுகல் இருந்தால் வேறு வேலை கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் வழக்கமாகச் சொல்வது, அதில் கண்டிப்பானவர்கள். நாரி நோவு அப்படி அல்ல. ஆனால் மருத்துவச் சான்று சரியாக இருக்க வேண்டும். "இவருக்கு முதுகு நோவு" என்று ஒரு வரி போதாது. எந்த வேலை (பாத்திரம் தூக்குவது, பத்து மணிநேரம் நிற்பது), எந்தத் திகதியிலிருந்து, ஏன் அந்த இடத்தில் தொடர முடியாது என்று இருக்க வேண்டும். இன்னொன்று, திகதி. மார்ச்சில் விலகிவிட்டு, வெட்டு வந்த பிறகு ஜூனில் முதல்முறை டாக்டரிடம் போய் வாங்கிய சான்றை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். விலகுவதற்கு முன்பே டாக்டரிடம் போயிருந்தால் அன்றைய பதிவுகளையே கேட்டு வாங்கி இணையுங்கள், புதுச் சான்றைவிட அதற்குப் பெறுமதி கூட. நேரத்தை மாற்றித் தரும்படி, பாரம் குறைந்த வேலை தரும்படி முதலாளியிடம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தால் திகதி தெரியும்படி அச்சிட்டு வையுங்கள். விலகுவதற்கு முன் வேறு வழி தேடினீர்கள் என்பதைக் காட்டுவது அதுதான்.

உணவக வேலை என்பதால் இன்னொரு கதவும் இருக்கிறது. அந்தத் துறைக்கு எல்-காவ் என்ற பொது வேலை ஒப்பந்தம் நாடு முழுவதும் கட்டாயம்: சாதாரண உணவகத்தில் வாரம் 42 மணிநேரம், வாரத்தில் இரண்டு ஓய்வு நாள். பொது ஒப்பந்தத்துக்குக் குறைந்த நிபந்தனையில் ஓடும் வேலை, சட்டப்படி ஏற்கத்தக்க வேலை அல்ல. வாரம் 55 மணிநேரம் வேலை வாங்கிவிட்டு 42க்குச் சம்பளம் போட்டிருந்தால், சம்பளத் துண்டையும் நேரக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். முதலாளி நேரப் பதிவே வைக்கவில்லை என்றால், நீங்கள் கொப்பியில் எழுதி வைத்த கணக்கும் பிணக்கு வரும்போது சான்றாக ஏற்கப்படும் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. அதைப்பற்றி முதலாளியிடம் எழுத்தில் கேட்டிருந்தீர்கள் என்றால் இன்னும் பலம்.

(இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: முதலாளி நீட்டிய "இருவரும் உடன்பட்டு முடிக்கிறோம்" என்ற தாளில் கையெழுத்து வைத்தாலும் தானாக விட்ட கணக்கில்தான் சேரும். மாறாக, முதலாளி நீக்கிவிட்டுப் பழியை உங்கள்மேல் போட்டால், நீங்கள் மறுக்கும்போது அவர் சொல் மட்டும் போதாது, வேறு ஆதாரம் வேண்டும். அங்கே மறுப்புக்கு வாய்ப்பு கூட.)

6 நாளில் வாய்ப்பு குறைவு என்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மாதத்து விண்ணப்பப் பட்டியலும் அடுத்த மாதம் 5ஆம் திகதிக்குள் போக வேண்டும், 5 விடுமுறை நாள் என்றால் அடுத்த வேலைநாள். அதற்குப் பிறகு வந்தால், தகுந்த காரணம் இல்லாதவரை, அதைப் பார்க்கவே மாட்டார்கள். "நான் 12 இடத்துக்கு விண்ணப்பித்தேனே" என்பது மறுமொழி ஆகாது. அனுப்பினேன் என்று நிரூபிப்பதும் உங்கள் தலையில்தான். சாதாரணத் தபாலில் போட்டு அது தொலைந்தால் நட்டம் உங்களுக்கே. ஜாப்-ரூம் என்ற இணையத்தளத்தில் ஏற்றி உறுதிப்படுத்தலைச் சேமித்து வைப்பதுதான் நல்லது. முதல்முறை பிந்தினால் 5 முதல் 9 நாள், இரண்டாம்முறை 10 முதல் 19 என்பது செக்கோ என்ற மத்திய அலுவலகத்தின் அட்டவணை. உங்களுக்குப் போட்டது ஏற்கெனவே கீழ்ப்பக்கம். ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், விபத்து என்று ஏதாவது இருந்தால் சான்றோடு எழுதுங்கள். இல்லையென்றால் இந்த 960 பிராங்கை விட்டுவிட்டு 5760இல் கவனம் வையுங்கள் என்பேன்.

சந்திப்பைத் தவறவிட்ட வெட்டு அப்படி அல்ல. மறந்துபோய்த் தவறவிட்டு, தெரிந்த உடனே தானாக அழைத்து மன்னிப்புக் கேட்டு, அதற்கு முந்திய பன்னிரண்டு மாதமும் எல்லாம் ஒழுங்காகச் செய்தவரை வெட்டக்கூடாது என்பது லூட்செர்னில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் நிலையான தீர்ப்பு. பலருக்கு இது தெரியாமல் முதல் வெட்டை விழுங்கிவிடுகிறார்கள்.

மறுப்புக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மேலே உங்கள் பெயர், முகவரி, ஆஹாவே இலக்கம் (சமூகக் காப்புறுதி எண்). தலைப்பில் ஐன்ஸ்பிராகே (மறுப்பு) என்ற சொல்லும் எந்தத் திகதியிட்ட முடிவுக் கடிதத்துக்கு எதிராக என்பதும். பிறகு இரண்டு கோரிக்கை: முதலாவது, அந்த முடிவை முற்றாக நீக்க வேண்டும், இரண்டாவது, அது இயலாதென்றால் நாட்களைத் தக்க அளவு குறைக்க வேண்டும். இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், பல மறுப்புகள் பாதி வெல்வது அங்கேதான். அதன்பின் திகதி வரிசையில் நடந்தது, ஒவ்வொரு வரிக்கும் எந்த இணைப்பு என்று இலக்கம். கையொப்பம். ஷெஃப் எப்படிப்பட்ட ஆள் என்ற வர்ணனை வேண்டாம்.

மறுப்பு எழுதியதும் வெட்டு நிற்காது. வெட்டு ஓடிக்கொண்டே இருக்கும், வென்றால் பிறகு சேர்த்துத் தருவார்கள். அந்த நேரம் கோபத்தில் ராஃப் பதிவை நீக்கிவிடாதீர்கள். மாதாந்தப் படிவம், விண்ணப்பங்கள், சந்திப்பு எல்லாம் வழக்கம்போல் நடக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் காசுக்கு உரித்துடைய நாட்களில்தான் வெட்டு நாள் கழியும். இடையில் வேலை கிடைத்தால், வெட்டுத் தொடங்கி ஆறு மாதம் ஆனதும் மிச்சம் காலாவதியாகும். மறுப்புக்குக் கட்டணம் இல்லை. நாட்களைக் கூட்டிவிடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் முதலில் எழுதி எச்சரித்து மறுப்பைத் திரும்பப்பெற வாய்ப்புத் தர வேண்டும். அப்படிக் கடிதம் வந்தால் அதைப் படிக்காமல் வைக்காதீர்கள்.

அவர்கள் மறுத்தால் மறுபடி 30 நாள், இம்முறை கன்டோனின் சமூகக் காப்புறுதி நீதிமன்றத்துக்கு. சூரிச்சுக்கு அது விண்டர்தூரில் இருக்கிறது. சும்மா வம்புக்குப் போனால் தவிர அங்கும் செலவில்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. அதற்கு மேல் லூட்செர்ன். அங்கே தோற்றால் 200 முதல் 1000 பிராங் வரை நீதிமன்றச் செலவு வரலாம். ஊனியா, சினா போன்ற தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் மறுப்பு எழுதவே அவர்களின் சட்ட உதவி உண்டு.

இன்னொரு வெட்டு வராமல் மூன்று விஷயம். விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்தே வேலை தேடியிருக்க வேண்டும் என்பது சட்டம், ராஃபில் பதிந்த நாளிலிருந்து அல்ல. அறிவித்தல் காலத்து (விலகல் கடிதம் கொடுத்ததிலிருந்து வேலை முடியும்வரை) விண்ணப்பங்களை இன்னும் கொடுக்கவில்லை என்றால் தேடி எடுத்து வையுங்கள், ஒரு மாத அறிவித்தல் காலத்தில் போதாமல் இருந்தால் 3–4 நாள், மூன்று மாதத்தில் 9–12. இரண்டாவது, மாமாவின் கடையில் சனிக்கிழமை "சும்மா கைகொடுத்தேன்" என்பதையும் மாதாந்தப் படிவத்தில் எழுத வேண்டும். சம்பளம் வாங்காவிட்டாலும் அந்த வேலைக்கு வழக்கமான சம்பளத்தைக் கணக்கில் எடுப்பார்கள். மறைத்துப் பிடிபட்டால் வெட்டோடு காசைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். மூன்றாவது, ஊர்ப் பயணம். 60 நாள் பதிவில் இருந்தால் 5 நாள் விடுப்பு கிடைக்கும், 14 நாளுக்கு முன் ராஃபுக்கு அறிவிக்க வேண்டும். செத்தவீட்டுக்கு அவசரமாகப் போக நேர்ந்தால் டிக்கெட் எடுக்கும் அதே நாள் ஆலோசகருக்கு எழுதிவிட்டுப் போங்கள்.