நோயாளியே இல்லாத இரண்டு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மலைக்கிராமக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக நாங்கள் நடத்திவந்த திட்டத்துக்கு வருகிற மார்ச்சோடு நிதி நின்றுவிடும். பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். படங்களும் எண்ணிக்கையும் போட்டு ஓர் இறுதி அறிக்கை அனுப்பச் சொல்கிறது தலைமை அலுவலகம். அதை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஆனால் நாங்கள் கற்றுக்கொண்டது எதுவும் அதில் வராது. இந்தக் கடைசி நேரத்தில் வேறு ஏதாவது செய்வதில் பயன் உண்டா?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நிச்சயம் உண்டு. மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெரியம்மை ஒழிப்பை எப்படி முடித்தார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டார். நோய் ஒழிந்துவிட்டது என்று சர்வதேசக் குழு சான்று தந்ததோ 1977 ஏப்ரலில். இடையில் ஏறக்குறைய இரண்டு வருடம் நாட்டில் ஒரு நோயாளிகூட இல்லை. வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். இந்த மாதிரி யாருக்காவது வந்திருக்கிறதா என்று சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள். பெரியம்மை இருப்பதாகத் தகவல் சொல்லி அது உறுதியானால் 1,000 ரூபாய் பரிசு. அன்றைக்கு அது பெரிய தொகை. வந்த தகவல்கள் சின்னம்மையாகவோ வேறு ஏதாவது தடிப்பாகவோ இருந்தன. என்றாலும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதினார்கள், நேரில் போய்ப் பார்த்தார்கள், சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தேடப் போனவர்கள் உண்மையிலேயே வீடுகளுக்குப் போனார்களா என்று பார்க்க, வேறு ஆட்கள் அதே ஊர்களில் சில வீடுகளுக்கு மறுபடி போனார்கள்.

இத்தனைக்கும் ஆளும் வண்டியும் பணமும் வேண்டும். கடைசி நோயாளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் தேட வேண்டும் என்பதே அங்கே விதி. உங்கள் திட்டத்துக்குப் பணம் தந்தவர்கள் முடிக்கும் வேலைக்கென்று எதுவும் ஒதுக்கவில்லை என்று நினைக்கிறேன். அது உங்கள் குறை இல்லை, ஆனால் அறிக்கையில் அதை எழுதுங்கள்.

அப்புறம், கற்றுக்கொண்ட விஷயம். இந்தியாவில் தேசிய ஒழிப்புத் திட்டம் 1962-ல் தொடங்கியபோது, மக்களில் 80 சதவீதம் பேருக்காவது அம்மை குத்திவிட வேண்டும் என்பதுதான் இலக்கு. எண்ணிக்கை கோடிக்கணக்கில் ஏறியது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் அப்படியே இருந்தது. காரணம், கைக்கு எளிதில் அகப்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தியிருந்தார்கள். நைஜீரியாவில் 1966 டிசம்பரில் மருந்து போதாத நிலையில், அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபோகியும் அவருடைய சகாக்களும் நோயாளிகளைத் தேடிப்பிடித்து, அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்தினார்கள். நோய் நின்றது. அதே முறைப்படி 1973-ன் பிற்பகுதியில் இங்கே ஊர் ஊராகத் தேடியபோது, பதிவேட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு நோயாளிகள் தென்பட்டார்கள். குத்திய ஊசியை எண்ணுவதை விட்டு நோயாளிகளை எண்ண ஆரம்பித்த பிறகுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. இது எதையும் மறைக்காமல், பொறுப்பில் இருந்தவர்களே ஏறக்குறைய 1,500 பக்கத்தில் எழுத, உலக சுகாதார நிறுவனம் 1988-ல் அதை வெளியிட்டது.

உங்கள் தலைமை அலுவலகம் கேட்பது எத்தனை கிலோ சத்துமாவு கொடுத்தீர்கள் என்ற கணக்காகத்தான் இருக்கும். அதைக் கொடுத்துவிடுங்கள். கூடவே, எந்த ஊரில் எடை ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்று தனியாக எழுதி வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன தாய்மார்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேருங்கள். இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவில் மெர்க்கா நகர மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின், 1977 அக்டோபரில். மருத்துவமனையிலேயே வேலை பார்த்தவர், வலிக்கும் என்ற பயத்தில் அம்மை குத்திக்கொள்ளாமல் தவிர்த்துவிட்டார். பின்னாளில் போலியோ சொட்டு மருந்துப் பிரசாரத்துக்குப் போனபோது, தயங்கிய பெற்றோரிடம் அவர் சொன்னது இந்தக் கதையைத்தான். அப்படிப்பட்ட காரணம் எந்த எண்ணிக்கை அட்டவணையிலும் ஏறாது, கேட்டு எழுதினால்தான் உண்டு.

வேலையை விட்டுப் போனவர்களுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் சத்துமாவு அரைத்துக் கொடுத்த பெண்களிடமும் மேலதிகாரி யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து பேசுங்கள். மேலே இருந்து சொன்னதில் எதை நீங்கள் செய்யாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் மிகவும் உதவும். தமிழிலேயே எழுதுங்கள், அவர்களும் படிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பதையும் கவனியுங்கள். பெரியம்மை ஒழிந்த பிறகு, 1978-ல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆய்வகத்தில் வைத்திருந்த கிருமி தொற்றி ஒருவர் இறந்தார். பல நாடுகளில் ஆய்வகங்களில் இருந்த கிருமியைப் பிறகு இரண்டே இடங்களுக்குள் அடக்கினார்கள். உங்களிடம் இருப்பது அவ்வளவு ஆபத்தானது இல்லைதான். ஆனால் குழந்தைகளின் விவரமும் தாய்மார்களின் போன் நம்பரும் யாருடைய லேப்டாப்பில் கிடக்கின்றன என்று பாருங்கள். எடை மெஷின் யாரிடம் போகும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஏப்ரலிலிருந்து நாங்கள் வரமாட்டோம், குழந்தை மெலிந்தால் இவரைப் பாருங்கள் என்று கிராம சுகாதார செவிலியரின் பெயரை ஒவ்வொரு தாயிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கைக்கு நிதி தருபவர்களிடம் இடம் இருந்தால் இதைக் கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து அதே குழந்தைகளை இன்னொரு முறை எடை போட்டுப் பார்க்க பஸ் செலவும் இரண்டு பேருக்குச் சம்பளமும்.