பீர் வெள்ளத்தில் யாரும் கூத்தாடவில்லை

கேள்வி: 1814-இல் லண்டன் தெருவில் பீர் ஆறாக ஓடியதாமே? சேரி மக்கள் குடம் குடமாக அள்ளிக் குடித்து, போதையிலேயே பலர் செத்ததாகப் படித்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பீர் ஓடியது உண்மை. குடித்துச் செத்தார்கள் என்பது பிற்காலக் கட்டுக்கதை. இறந்த எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும். அவர்களுக்குக் குடிகாரப் பட்டம் கட்டுவது அநியாயம்.

அக்டோபர் 17, திங்கட்கிழமை. டாட்டன்ஹாம் கோர்ட் சாலை அருகே மியூ நிறுவனத்தின் பீர் ஆலை. போர்ட்டர் என்ற கருநிற பீரை மாதக்கணக்கில் பழுக்கவைக்க அங்கே 22 அடி உயர மரத்தொட்டிகள் இருந்தன. நிறுத்தி அடுக்கிய பலகைகளைச் சுற்றிலும் இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கும். மாலை 4.30 மணிக்கு ஒரு தொட்டியிலிருந்து சுமார் 320 கிலோ எடையுள்ள பட்டை கழன்று விழுந்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படிக் கழல்வது உண்டு என்பதால் கிடங்குக் குமாஸ்தா பதறவில்லை. மேலதிகாரியும் ஒன்றும் ஆகாது என்றார். பழுது பார்க்கும் பங்குதாரருக்குச் சீட்டு எழுதச் சொன்னார்.

கோளாறு இங்கேதான். அன்று தொட்டியில் விளிம்புக்கு நான்கே அங்குலம் குறைவாக, பத்து மாதம் பழுத்த பீர் நிறைந்திருந்தது: 3,555 பீப்பாய், அதாவது ஏறக்குறைய 5.8 லட்சம் லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 48 லாரி. அவ்வளவு உயரத்துக்குத் திரவம் நின்றால் அடிப்பாகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஆறரை டன்னுக்கு மேல் அழுத்தும். பட்டை கழன்றதும் பீரை இறக்கி மட்டத்தைக் குறைத்திருக்க வேண்டும். சீட்டு எழுதியதோடு விட்டுவிட்டார்கள்.

5.30 மணிக்குத் தொட்டி வெடித்தது. அந்த வேகத்தில் பக்கத்துத் தொட்டியின் குழாய் அடைப்பும் பிடுங்கிக்கொள்ள, அதிலிருந்ததும் கொட்டியது. ஆலையின் 25 அடிப் பின்சுவர் சரிந்து, 15 அடி அலை நியூ ஸ்ட்ரீட்டில் பாய்ந்தது. செயின்ட் கைல்ஸ் சேரி அது. குடும்பங்கள் நிலவறைகளில்கூடக் குடியிருந்தன. ஒரு நிலவறையில், முந்தின நாள் இறந்த இரண்டு வயதுப் பையனின் உடலைச் சுற்றி ஐரிஷ் உறவினர்கள் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ஐந்து பேர் போனார்கள். தாயோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. மதுக்கடைக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அடியில் சிக்கிய பதினான்கு வயது வேலைக்காரப் பெண் ஒருத்தி. இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை. ஆண்கள் வேலையிலிருந்து திரும்பியிராத நேரம் என்பதால்தான் சாவு எட்டோடு நின்றது.

குடிக் கூத்து பற்றி அன்றைய பத்திரிகைகளில் ஒரு வரி கிடையாது. கூட்டம் ஒழுங்காக நடந்துகொண்டதாகத்தான் எழுதின. ஐரிஷ் ஏழைகளை இளக்காரமாகப் பார்த்த பத்திரிகைகள் அவை. கூத்து நடந்திருந்தால் விட்டுவைத்திருக்குமா?

இரண்டே நாளில் விசாரணை முடிந்தது. தற்செயலான விபத்து, யார் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு. ஆலை நாடாளுமன்றத்தில் மனுப் போட்டு, வீணான பீருக்குக் கட்டியிருந்த வரியில் சுமார் 7,250 பவுண்டைத் திரும்பப் பெற்றது. செத்தவர்களின் குடும்பங்களுக்கு ஆலை நஷ்டஈடு தரவில்லை. அடக்கச் செலவுக்கு உதவியது, பார்க்க வந்த ஜனங்கள் போட்ட பென்னிகளும் ஷில்லிங்குகளும்தான்.