இளையோர் கேள்வி–பதில்: தாது நஷ்டம் என்று ஒரு நோய் இல்லை

கேள்வி: எனக்கு 19 வயது. வாரத்துக்கு இரண்டு முறை தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. சுய இன்பப் பழக்கமும் உண்டு. சில நாள் சிறுநீர் வெள்ளையாகப் போகிறது. மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர், "40 சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து. இப்படியே விட்டால் கல்யாணத்துக்கு லாயக்கில்லை" என்று சொல்லி 9,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். இன்னும் இரண்டு தவணை கட்டச் சொல்கிறார். உடம்பு மெலிந்துகொண்டே போகிறது.
– கல்லூரி மாணவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். லேகியத்தையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் உடம்பில் எதுவும் நஷ்டமாகவில்லை.

ரத்தத்துக்கும் விந்துக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஒருமுறை வெளியேறுவது பெரும்பாலும் ஒரு டீஸ்பூனுக்குள்தான். அதில் மிகப் பெரும்பகுதி விந்துப்பையும் ப்ராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணு மிகச் சிறு பங்குதான். விதைகள் இரவு பகலாக அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாத பழைய அணுக்கள் உடம்பிலேயே சிதைந்து கரைந்துவிடும். ஆண்களுக்கு ஓர் இரவுத் தூக்கத்தில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வருவது இயல்பு. சில நாள் அதோடு விந்தும் வரும். சுய இன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, குழந்தை பிறப்பதும் தடைபடாது.

வெள்ளைச் சிறுநீர் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. லேப்பில் அந்தக் கலங்கிய சிறுநீரில் சில சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டால் கண்ணெதிரே தெளிந்துவிடும். தெளியவில்லையென்றால் சீழ் அணு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எரிச்சல், சீழ், ரத்தம், புண் இருந்தால் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் காத்திருக்கவே கூடாது: விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

மெலிவுக்கு வருவோம். பயத்தில் சோறு இறங்காது, தூக்கம் வராது. மெலியாமல் என்ன செய்யும்? தாது, அதாவது விந்து, போகிறதே என்ற இந்த அச்சத்துக்கு 1960-லேயே மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். மனநல மருத்துவரிடம் நாலு முறை பேசினாலே பலருக்குத் தெளியும். ஆனாலும் எடை குறைந்துகொண்டே போனால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆண்மையைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் பயத்தைக் காசாக்குகிறவர்கள் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

கேள்வி: திருமணமாகி மூன்று மாதம். எனக்கு 22 வயது. இப்போது குழந்தை வேண்டாம். ஆணுறை இரண்டு முறை கிழிந்துவிட்டது. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம்.
– வாசகி, கரூர்

பதில்: பெரும்பாலும் அந்த எண்ணெய்தான் காரணம். எண்ணெய் பட்ட சில நிமிடங்களிலேயே லேடெக்ஸ் ரப்பர் பலமிழக்கும். மருந்துக்கடையில் தண்ணீர் சார்ந்த ஜெல்லி கேட்டு வாங்குங்கள். பர்ஸிலும் பைக் பெட்டியிலும் வெந்த ஆணுறை வேண்டாம். உறையைப் பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு அடிவரை உருட்டவேண்டும். உருளவில்லையென்றால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், அதைத் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிதாக எடுங்கள். முடிந்ததும் விறைப்பு தளருமுன் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்கவேண்டும்.

இனிக் கிழிந்தால், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்று, 72 மணி நேரத்துக்குள். முந்தினால் பலன் கூடும். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று. இது கருவைக் கலைக்காது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். முட்டை வந்தபின் போட்டால் பலிக்காது, அந்த மாதம் முழுக்கவும் காக்காது. தமிழ்நாட்டில் பல கடைகளில் "இல்லை" என்பார்கள். அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்வது இதைவிட உறுதி. மூன்று வாரத்தில் மாதவிலக்கு வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: மாதவிலக்கு முடிந்த உடனே 'சேஃப்' நாள்தானே?
– வாசகர், 24 வயது, ஆவடி

பதில்: நம்ப முடியாது. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன் முட்டை வரும். 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு, மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது 10-ஆம் நாள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். 6-ஆம் நாள் சேர்ந்தாலும் கரு தங்கலாம்.